யாரும் அடிக்காத ரத்தம்

நைனா,

இன்று மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. முள் ஒன்று மேலுதட்டில் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. "இன்னாங்க இது, சட்டையெல்லாம் ரத்தம்" என்று உன் மருமகள் பதறிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். சின்ன வயதில் நடந்த அந்த ஆபரேஷனுக்குப் பிறகு உதடு மரத்தே போய்விட்டது. சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அப்பனை நினைக்க மாலை போட்ட படம் போதும். எனக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. நீ அப்படி வாழ்ந்தாய், நான் என்ன செய்ய?

சுனாமி வந்து போன மறு வருஷம். எனக்குப் பதினான்கு வயது. கடற்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது. அதற்கு முன்பும் வந்து நின்றிருக்கிறது. உடம்புச் சூடு என்று சொல்லி அம்மா தலையில் நல்லெண்ணெய் வைப்பாள், அவ்வளவுதான். அன்று நிற்கவில்லை. பக்கத்துக் குப்பத்துச் சேகர் அண்ணன்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். சுருக்குவலை போட்டுக் குஞ்சு மீனையும் அள்ளலாமா கூடாதா என்ற தகராறில் அவருக்கும் உனக்கும் பேச்சு வார்த்தை நின்று போயிருந்த நேரம். அதையும் பார்க்காமல் நம் வாசலுக்கு வந்தார். அவர் சட்டையிலும் என் ரத்தம், கையிலும் என் ரத்தம். உனக்கு அது போதுமாயிருந்தது.

"தானா வந்துச்சு நைனா, அவரு ஒண்ணும் பண்ணல" என்று கத்தினேன். தொண்டையிலும் ரத்தம் இறங்கியதால் பாதிதான் வெளியே வந்திருக்கும். முழுசாகச் சொல்லியிருந்தாலும் நீ கேட்கிற ஆளா? "புள்ள ரத்தத்தப் பாத்துக்கினு வூட்ல குந்தினு இருந்தா மீச இன்னாத்துக்கு?" என்று ஊரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே துடுப்பை எடுத்தாய். நம் கரையில் அதுதானே வழக்கம். பிள்ளை உடம்பில் ரத்தம் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் யாரையாவது அடித்தாக வேண்டும். என்னை மணலில் இறக்கிவிட்டு அவர் நிமிர்வதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்கக் கையைத் தூக்கினார். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரை ஏறி மிதித்தாய். உன்னை இழுக்க நாலு ஆள் தேவைப்பட்டது.

அவருக்குப் புத்தூர் கட்டு கட்டினார்கள். கட்டை அவிழ்த்தபோது முழங்கை வளைந்தே நின்றுவிட்டது. அந்தக் கையால் அப்புறம் அவர் வலை இழுக்கவில்லை.

என் மூக்கும் நிற்கவில்லை. அம்மா மீன் விற்கப் போகிற தாம்பரத்திலேயே ஒரு மூக்கு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மூக்குக்குப் பின்னாடி கட்டி இருக்கு. கேன்சர் இல்ல. வளர்ற வயசுப் பசங்களுக்கு எப்பவாவது வர்றது. உள்ள முழுக்க ரத்தக் குழாய். துண்டு எடுத்துப் பாக்கக்கூடக் கூடாது, தொட்டாலே கொட்டும். விட்டா கண்ணுப் பக்கம், மூளைப் பக்கம் போயிடும். ஆபரேஷன்தான்."

நீ ஒன்றுதான் கேட்டாய். "அப்ப யாரும் அடிக்கலையா சார்?"

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடிபட்டு வர்றது இல்லப்பா இது" என்றார். அதற்குப் பிறகும் நீ சேகர் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. குடி மட்டும் கூடியது.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் நாள் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ஓடுகிற ரத்தத்தை அடைத்தார்கள். மறுநாள் மேலுதட்டுக்கு உள்பக்கம் கீறி, மூஞ்சித் தோலை மேலே தூக்கி, உள்ளே போய்க் கட்டியை எடுப்பதாக ஏற்பாடு. மீன் ஆய்ந்தே வளர்ந்தவள் அம்மா. டாக்டர் விளக்கியது நன்றாகப் புரிந்ததால்தான் மயங்கி விழுந்தாள்.

அவ்வளவு அடைத்தும் ஆபரேஷனில் நினைத்ததற்கு மேல் ரத்தம் போய்விட்டது. வெளியே வந்து இன்னும் ரத்தம் வேண்டும், உடனே வேண்டும் என்றார்கள். "என் புள்ள, என் ரத்தம், எவ்ளோ வேணா எடு" என்று நீ சட்டையைச் சுருட்டினாய். காலையிலேயே ஊற்றியிருந்தாய். நாற்றம் அடித்ததும் நர்ஸ் முடியாது என்றுவிட்டாள். ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைத்தாய். அவர்கள் வேண்டாம் என்ற ரத்தம் தரையில் சொட்டியது.

அந்த நேரத்தில்தான் சேகர் அண்ணன் படியேறி வந்தார். முந்தின நாளே அம்மா உனக்குத் தெரியாமல் அவர் வாசலில் போய் நின்று அழுதிருக்கிறாள். என் வகை ரத்தம்தான் அவருக்கும். நர்ஸ் தெரியாமல் அந்த வளைந்த கையைப் பிடித்திருக்கிறாள். "அது இவருகிட்ட குடுத்த கை சிஸ்டர். இதுல எடுங்க" என்று உன் பக்கம் காட்டிச் சொல்லிவிட்டு மற்றதை நீட்டினாராம்.

எடுத்து முடித்து வெளியே வந்தவரை நீ மறித்துக்கொண்டாய். "அடிடா. இன்னா வேணா எடுத்து அடி" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப தெம்பு இல்லண்ணா. தல சுத்துது. ஒரு டீ வாங்கிக் குடு."

கிழிந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் வாங்கி வந்தாய். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாயாம். இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு நினைவு திரும்பியபோது மூக்கு நிறையத் துணி, முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஆனால் உயிர் இருந்தது.

கட்டி மறுபடி வரவில்லை. நீதான் குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தாய். உன் சாவில் பெண்கள் என்னைக் காட்டி, உன் ரத்தம் இங்கே நிற்கிறதே என்று மாரடித்து அழுதார்கள். கோபத்தில் நான் நீயேதான், மறுக்கவில்லை. பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்தால் வாய்க்கு முன்னால் என் கை எழுகிறது. ஏற்றின ரத்தம் சில மாதம்தான் உடம்பில் தங்கும் என்று டாக்டர் பின்னால் ஒருநாள் சொன்னார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் நம்பவில்லை. ஓங்கின கை ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நின்றுவிடுகிறது நைனா. அதை நிறுத்துவது எதுவோ, அது உன்னிடமிருந்து வந்ததில்லை.