அச்சில் ஏறாத முகம்

பிப்ரவரி 11, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. இருமினால்கூட என்னமோ எழுதி வைக்கிறது, பொல்லாத போன். இன்று இரண்டு வீடியோ எடுத்தோம். குடும்பஸ்தர்களுக்கு நான் கோணல் யோசனை சொல்வேன், மருமகள் படம் பிடிப்பாள். பிறகு நான் பேசியதை அப்படியே தட்டிப் புத்தகமாக்குவாள். மூன்றாவது புத்தகம் ‘குடும்பம் நடத்தக் குறுக்கு வழி’ போன மாதம்தான் வந்தது.

பிப்ரவரி 13

காலையில் ஒரு பெண் வந்தாள். “நீங்கதானே வீடியோ தாத்தா?” என்றாள். போட்டோவுக்கு என்று நினைத்து நானும் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன்.

“என் வீட்டுக்காரரைக் காணோம்.”

கையில் என் புத்தகமும் அவர் போட்டோவும். மடித்து வைத்திருந்த பக்கத்தை மருமகள் வாசித்தாள்: ‘வீட்டில் மதிப்பில்லையா? சொல்லாமல் கிளம்பு. போனை அணைத்து வை. தேடட்டும், மதிப்பு தானாக வரும்.’

“படிச்சுட்டு சிரிச்சாராம்மா?”

“அவர் எதுக்குமே சிரிக்க மாட்டாருங்க. பிரஷர் மாத்திரையைக்கூட எடுக்காமப் போயிட்டாரு.”

போலீஸில் சொல்லியிருக்கிறாள். பெரிய ஆள், தானாக வருவார் என்று அனுப்பிவிட்டார்களாம்.

பிப்ரவரி 13, சாயங்காலம்

அந்த வீடியோ எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சைச் சட்டை, குழாயடி. ‘மதிப்பு தானாக வரும்’ என்று சொல்லிவிட்டு ஒரு மூஞ்சி காட்டினேன் — திரும்பி வந்தவனைப் பார்த்து ‘நீ எப்போ வெளியே போனே?’ என்று பெண்டாட்டி கேட்டால் எப்படி விழிப்பான், அந்த மூஞ்சி. சிரிப்பே அதில்தான். பேச்சை மருமகள் தட்டிவிட்டாள், மூஞ்சியை எப்படித் தட்டுவாள்? அந்த ஆள் வீடியோ பார்க்கிறவன் இல்லையாம். புத்தகம் மட்டும்தான் படித்திருக்கிறான்.

“யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க மாமா. நாமதான் அனுப்பி வெச்சோம்னு ஆயிடும்.”

“நாமதானேம்மா அனுப்பினோம்?”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அழுதிருப்பாள்.

பிப்ரவரி 14

சோறு இறங்கவில்லை. எங்கேயாவது மயங்கி விழுந்து கிடந்தால்? ஐயோ, என் வாய் இருக்கிறதே.

பிப்ரவரி 15

பல் விளக்கும்போது சட்டென்று பிடிபட்டது. குழாயடியில் அதற்கப்புறமும் பேசினேன்! எங்கே போவது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

“அதையும் போட்டியாம்மா?”

“போட்டேன் மாமா. அடுத்த பக்கம்.” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

போனோம். வெளிநோயாளிகள் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, தாடியோடு உட்கார்ந்திருந்தான். போட்டோவில் பார்த்த அதே ஆள். நான் யார் என்று மருமகள் சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டான். “ஐயா, இன்னும் தேடி வரலையே? எவ்வளவு நேரம் ஆகும்?”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மருமகள் போன் செய்தாள். அந்தப் பெண் மூச்சிரைக்க வந்தாள். முதலில் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். அவன் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

“எங்கம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், இப்போ சும்மா உக்காரவா இங்கே வந்தீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். ஒரே ஆட்டோவில்தான் போனார்கள். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பிப்ரவரி 17

அடுத்த பதிப்பில் அந்த இரண்டு பக்கமும் வராது. மருமகளே பதிப்பகத்தில் பேசி முடித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

பிப்ரவரி 22

அவன் போன் செய்தான். பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். இவன் போனை எடுப்பதில்லையாம்.

“ஐயா, இதுக்கு என்ன பண்ணணும்? புத்தகம் பூரா தேடிட்டேன்.”

பழக்கதோஷம், மருமகள் படம் பிடிக்கப் போனோடு கையைத் தூக்கிவிட்டாள். எனக்கும் நாக்கு நுனியில் நாலைந்து வந்து நின்றது. எல்லாம் நல்ல சரக்கு. விழுங்கினேன்.

“உன் மாமியாருக்கு உடம்பு எப்படி இருக்கு தம்பி?”

“தெரியாதுங்க ஐயா” என்றான்.

“போய்க் கேளு. வாசல்லயே நிக்க வெச்சாலும் நில்லு.”

“சட்டையை மாத்திட்டுப் போகட்டுங்களா?”

“வேண்டாம். அப்படியே போ.”

மருமகளைப் பார்த்தேன். எப்போதோ கையை இறக்கியிருந்தாள்.