வாபஸ் வாங்கும் நாள்

தருமபுரி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அனிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே.

நேற்று போனில், எதுக்கும்மா இந்த வீம்பு என்று கேட்டாய். அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் எப்படி வாயைத் திறப்பேன்? அதனால்தான் சென்னைக்குக் கூரியரில் இந்தக் கடிதம்.

நம் வார்டின் தேர்தல் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அப்பா முதல்முறை சுயேச்சையாக நின்றபோது நீ கைக்குழந்தை. தோற்றார். அடுத்த முறை ஜெயித்தார். தன் மனு தள்ளுபடியானால் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும் என்று இரண்டு முறையும் மாற்று வேட்பாளராக என்னையும் மனு போட வைத்தார். வாபஸ் வாங்கும் நாளில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சோறு வடித்தேன். பல வேட்பாளர் வீட்டில் நடப்பதுதான், அப்போது நான் தப்பாக நினைக்கவில்லை.

பிறகு வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி புலம்பித் தீர்த்துவிட்டு என்னை நிறுத்தினார். போஸ்டரில் அவர் முகம் முறம் அளவு, என் முகம் தபால்தலை அளவு. ஜெயித்தது நான், ஊர் கவுன்சிலர் என்று கூப்பிட்டது அவரை.

அப்புறம் வருஷக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. பதவி இல்லாதவனுக்கு என்ன வேலை என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை, சாக்கடை பொங்குகிறது என்று ஜனங்கள் நம் வாசலுக்குத்தானே வந்தார்கள்? அவர்களோடு நகராட்சிக்கு நடையாய் நடந்தவள் நான். அப்படித்தான் எனக்குப் பேச வந்தது. போன தேர்தலிலும் வார்டு பெண்களுக்கே என்பதால் நானே நின்று ஜெயித்தேன், முன்போல எனக்குப் பதிலாக ஒரு கூட்டத்துக்கும் அவரை அனுப்பவில்லை. அன்றிலிருந்தே அவருக்குக் கடுப்பு.

இப்போது வார்டு பொதுவாகிவிட்டது. "என் வார்டு என்கிட்டயே வந்திடுச்சி, நீ எப்பவும்போல மாத்து மனு போடு" என்றார். போட்டேன். பரிசீலனையில் இரண்டு மனுவையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். திங்கட்கிழமை மூன்று மணிக்குள் நான் வாபஸ் வாங்க வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை, அனிஷா. எரிச்சலாக வருகிறது.

மேட்டுத்தெரு முனியம்மாள் காலையில் வழிமறித்து, "நீங்க நிக்கறீங்களா, சார் நிக்கறாருங்களா? சொல்லிட்டீங்கன்னா எங்களுக்குக் கொழப்பம் இல்லீங்க" என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்றால் ஊர் சிரிக்கும், பங்குச்சாமியார் கூப்பிட்டுக் கண்டிப்பார், உன் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்கிறார் அப்பா. நான் சாக்கடை ஓரம் நின்று கத்தியபோதெல்லாம் போகாத மானம் இப்போது மட்டும் எப்படிப் போகும்?

அவர் உன்னை மறுபடியும் என்னிடம் பேசச் சொல்வார். அவர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவேன், அது எனக்கே தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருப்பாள். திங்கட்கிழமை மூன்று மணி வரைக்கும் எனக்குப் போன் மட்டும் பண்ணாதே, கண்ணு.

உன் அம்மா,
மதலேனம்மாள்