நாலாவது ஆள்

என் செல்லத்துக்கு,

ஈப்போவில் மழை விட்டுவிட்டது. நேற்று மாலை திடலில், மூத்தோர் போட்டிக்கான தொடர் ஓட்டக் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். விதி உனக்கு மறந்திருக்கும். நால்வரில் யாருக்கு வயது குறைவோ, அவருடைய வயதுப் பிரிவில்தான் குழு முழுவதும் ஓட வேண்டும்.

பெக் கிம், ஹஸ்னா அக்கா உட்பட மற்ற மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். என்னைச் சேர்த்தால் அவர்களும் ஐம்பது வயதுக்காரிகளோடு மோத வேண்டும். எனக்குப் பதில் திருமதி கோ ஓடினால் அறுபதுப் பிரிவில் பதக்கம் நிச்சயம்.

ஆசை இருந்தது. ஆனாலும் நானே விலகிக்கொள்வதாகச் சொன்னேன். மூச்சு முன்போல் இல்லை, முடிகூட இன்னும் சரியாக வளரவில்லை என்றேன்.

"ஐயோ, முடியா ஓடப் போகுது?" என்று பெக் கிம் சிரித்தாள். திருமதி கோவே என் பையை எடுத்து ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு அருகில் வைத்தார்.

ஹஸ்னா அக்காதான் முடித்துவைத்தார். "பதக்கம் என் வீட்டு அலமாரியில நெறையத் தொங்குதுலா. உன் எடத்துல ஒரு வருஷமா யார் யாரையோ நிறுத்திப் பாத்துட்டோம், நல்லாவே இல்ல. பேசாம மூணாவது வளைவுல போய் நில்லு."

போய் நின்றேன். பெக் கிம் ஓடி வந்து என் கையில் கோலை வைத்து அழுத்தினாள். அதன்பின் என் கால்களுக்கு எதுவும் நினைவில்லை, அந்த ஆஸ்பத்திரிப் படுக்கைகூட.

நாங்கள் கடைசியாக வருவோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கும் கவலையில்லை.

போன தடவை சம்பளமில்லாத விடுப்பில் வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினாய். இந்தத் தடவை கைதட்ட வா.

அன்புடன்,
அம்மா