பாட்டிலுக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 1, புதன்

வெளியே தூறல். உள்ளே வழக்கம்போல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர். ஸ்வெட்டர் மறந்தாயிற்று. வசதியானவர்கள் சேர்த்து வைத்த ஒயின் எல்லாம் எங்கள் கிடங்கில் குளுகுளுவென்று படுத்துக் கிடக்கிறது. விற்க நினைத்தால் ஏலத்துக்கு அனுப்புவதும் நாங்களே. காவலுக்கு நான், ஒரு சொட்டு குடித்தறியாதவன்.

இன்று ஆயுத பூஜை. மனைவி மலர் டிபன் பையில் சுண்டலும் காகிதத்தில் மடித்த குங்குமமும் வைத்திருந்தாள். “பெட்டி தூக்குற ஃபோர்க்லிஃப்டுக்கு மறக்காம வைங்க. அதுதான் நமக்குச் சோறு போடுது.”

மதியம் பொட்டு வைத்தவை:
ஃபோர்க்லிஃப்ட்
தள்ளுவண்டி
ஸ்கேனர்
பெட்டிக்கு டேப் ஒட்டும் மெஷின்

மேனேஜர் டெபி (இனி டெ., கை வலிக்கிறது) எட்டிப் பார்த்தாள். “யாருக்கு பர்த்டே, செல்வா?” “மெஷினுக்கு.” சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குத்தான் பார்த்தேன். ஃபோட்டோ எடுக்கும் மேசையில் டாக்டர் ராமநாதன் சாரின் பன்னிரண்டு பாட்டில். முதல் பாட்டிலின் லேபிளில், நட்ட நடுவில், சிவப்பாய் ஒன்று. வரிசையாக வைத்துக்கொண்டே வந்த கை, அதையும் விடவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன். பொட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு சிவப்புத் தோசை.

ஏலத்தில் வாங்குகிறவன் உள்ளே இருப்பதைக் குடித்தா பார்க்கிறான்? லேபிளைத்தான் பார்ப்பான்.

அக்டோபர் 2, வியாழன்

தூக்கமில்லை. வெயில் வந்துவிட்டது, எனக்கென்ன.

ராமநாதன் சார் இங்கே பக்கத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறார். ஹார்ட் டாக்டர். அவருக்கே ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்தபின் குடிக்கக் கூடாதாம். டெக்சஸில் மகனோடு போய் இருக்கப் போகிறார், அதனால் எல்லாம் ஏலத்துக்கு. ஒவ்வொரு பாட்டிலும் எப்படி இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நாளைக்குள் தர வேண்டும்.

யோசனை 1: வரும்போதே கறை இருந்தது என்று எழுதிவிடலாம். பாட்டில் வந்த அன்றைக்கு எழுதிய சீட்டைத் தேடி எடுத்தேன். ‘லேபிள் பளிச், ஒரு குறையும் இல்லை.’ கீழே கையெழுத்து, செல்வராஜ். அன்றைக்கு என்ன பெருமையோ, அடிக்கோடு வேறு.

யோசனை 2: பாட்டிலைத் திருப்பி வைத்து ஃபோட்டோ. எடுத்தேன். அழித்தேன்.

வீட்டில் சொன்னேன். மலர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஃபோர்க்லிஃப்டுக்குத்தானே கொடுத்தனுப்பினேன்? குடிக்கிற சாமானுக்குப் போய் வைப்பாங்களா யாராவது?”

மகள் காவ்யா (பதினொன்றாம் வகுப்பு, ஜட்ஜ் ஆக வேண்டியவள்): “ஜஸ்ட் டெல் தெம், அப்பா.”

“சொன்னா வேலை போயிடும்டீ. மறுபடி குளிர்ல நின்னு கார்க்காரனுக்கு பெட்ரோல் போடணும்.”

“தென் டோன்ட் டெல் தெம். பட் ஸ்டாப் வாக்கிங் அரவுண்ட் த கிச்சன்!”

நடந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 3, வெள்ளி

எழுதிவிட்டேன். ‘பாட்டில் 1: லேபிளில் சிவப்புக் கறை. புதன்கிழமை நான் வைத்தது, நான் துடைத்துக் கெடுத்தது.’ இந்தத் தடவை அடிக்கோடு இல்லை.

டெ. இரண்டு தரம் படித்தாள். சிரிக்கவில்லை. சாருக்கு ஃபோன் போட்டாள். திங்கட்கிழமை நேரில் வருகிறாராம். “அவர் கம்ப்ளெய்ன்ட் கொடுத்தால் என் கையில் ஒன்றும் இல்லை, செல்வா.” இங்கிலீஷில் அதை மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதுதான் பயம்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போய் பாலோடு வந்தேன். மலர் திருப்பி அனுப்பினாள். மறுபடி பால்.

பெட்ரோல் பங்க் வேலையில் போட்ட பழைய ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஜிப் வேலை செய்கிறது. வயிறுதான் ஒத்துழைக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

சார் பத்து மணிக்கு வந்தார். குச்சி ஊன்றி, மெதுவாக. பாட்டிலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். டெ. எதிரிலேயே தமிழில்:

“இது யாருய்யா வேலை?”

“என்னுதுதான் சார்.”

“எதுக்கு?”

“ஆயுத பூஜை சார். எல்லாத்துக்கும் வச்சுட்டே வந்தேன். கை இதுக்கும் போயிடுச்சு.”

“பன்னெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் மதிப்பு. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“உன்மேல கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “துடைக்காம விட்டிருந்தா பொட்டாவது பொட்டு மாதிரி இருந்திருக்கும். நான் ஸ்டெதஸ்கோப்புக்கு வச்சு முப்பது வருஷமாச்சு.”

டெ. பக்கம் திரும்பி இங்கிலீஷில்: பதினொன்று ஏலத்துக்குப் போகட்டும், இது என்னோடு டெக்சஸ் வருகிறது, கம்ப்ளெய்ன்ட் இல்லை.

எனக்கு நாக்கு அடங்கவில்லை. “சார், மகன் வீட்ல 55 டிகிரி...”

“அட போய்யா. நான் குடிக்கவா போறேன்? அது பாட்டுக்கு ஹால்ல நிக்கட்டும்.”

பாட்டிலைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கார்வரை தூக்கிப் போனேன். பின் சீட் வேண்டாமென்று மடியில் வாங்கிக்கொண்டார்.

வேலை தப்பியது. ஆனால் டெ. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தாள்: பூ, பொடி, நிறம் எதுவும் கிடங்குக்குள் கூடாது. வைத்ததையெல்லாம் இன்றே துடைக்க வேண்டும்.

ஸ்கேனர் துடைத்தாயிற்று. தள்ளுவண்டி துடைத்தாயிற்று. டேப் மெஷின் துடைத்தாயிற்று. ஃபோர்க்லிஃப்ட் பக்கம் துணியோடு போனேன். டெ. தன் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துணியைத் தூக்கிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு அவளே ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

ஃபோர்க்லிஃப்டின் கண்ணாடியைத் துடைத்தேன். சீட்டைத் துடைத்தேன். பொட்டைச் சுற்றி எல்லாம் துடைத்தேன்.