தறி நிற்கும்போது

அன்புள்ள அம்மாவுக்கு, மோகனப்பிரியா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

டெல்லியில் குளிர் விட்டுவிட்டது. ஐ.ஏ.எஸ். பரீட்சை நெருங்கிவிட்டது, எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. இதுவும் போனால் இனி எழுத முடியாது. அறைத்தோழி சொன்னாள் என்று கலர் பேனாவில் குறிப்பெடுத்தேன், சுவரெல்லாம் அட்டை ஒட்டினேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. நேற்று நூலகத்தில் வாய்விட்டுப் படித்ததற்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். சிரிக்காதீர்கள், விடுதியில் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது ஓடும்வரை பாடம் மடமடவென்று மனதில் ஏறியது. தொட்டி நிரம்பி மோட்டார் நின்றதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

சூலூரில் நம் விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தே பழகிவிட்டேன், அம்மா. நீங்கள் தறி ஓட்டும்போது அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாயிற்று. இன்னொன்று, நூல் அறுந்து தறி நின்றால் அப்பா பதிவை நிறுத்திவிட வேண்டாம். அப்போதுதானே படித்துக்கொண்டிருக்கும் என் பக்கம் திரும்பி, "இப்பச் சொல்லு கண்ணு, கேக்கறேன்" என்பீர்கள். அதையும் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் எனக்குப் பதில் நினைவுக்கு வரும்.

உங்கள்
பிரியா