கோல் போஸ்ட் வரப்போகும் இடம்

ஸ்ரீபெரும்புதூர்
12.11.1983

அன்புள்ள அன்னபுஷ்பத்துக்கு,

நான் சுகம். கிரேசிக்குக் காய்ச்சல் விட்டதா?

ஞாயிறன்று எங்கள் கால்பந்துக் குழுவின் புது ஸ்டேடியத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தது. ஏரிக்கரையில் கட்டலாம் என்று பாதிப் பேர். சாலையோரம்தான் வேண்டும் என்று மீதிப் பேர். சாலையோரத்தில்தான் நீங்கள் வந்து தங்க நான் பேசிவைத்த வீடு இருக்கிறது. அதனால் அங்கே வேண்டாம் என்று எழுந்து சொன்னேன்.

"இன்னா யேசு, கோல் வுழுந்தா நீதான் மொதல்ல கத்துவே. இப்ப ஸ்டேடியம் வாணான்றியே!" என்றார் ரகுபதி.

"வூடு எனுது, நெலம் எனுது. நடுவுல ஒனுக்கு இன்னாபா?" என்றார் வீட்டுக்காரர் பாண்டுரங்கன்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாலையோரமே முடிவாயிற்று. தை மாதம் வீட்டை இடிக்கிறார்கள்.

வேறு இடம் பார்க்கிறேன், கவலைப்படாதே. இங்கே மழைக் குளிர் அதிகம். வருகிறவர் யாரிடமாவது என் போர்வையைக் கொடுத்தனுப்பு. கிரேசி அடுத்த வருஷமும் அங்கேயே படிப்பாள் என்று பள்ளியில் சிஸ்டரிடம் சொல்லிவிடு. ஷிப்டுக்கு நேரமாகிறது.

யேசுராஜ்