பகல் பதினொரு மணிக்குப் பிள்ளைகள் இல்லை

அனுப்புநர்:
செயலாளர் (ஆசிரியையும் கூட்டிப் பெருக்குபவரும் நானே),
மாலைநேர இலவசப் படிப்பு மையம்,
மாவு மில் மாடி.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
கல்வித் தொண்டு நிறுவனங்களுக்கான நிதியுதவிப் பிரிவு.

பொருள்: நிறுத்தப்பட்ட நிதியுதவியை மீண்டும் வழங்கவும், ஒரே ஒருமுறை மாலை ஆறு மணிக்கு ஆய்வு செய்யவும் கோருதல் – ஐந்தாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

முந்தைய நான்கு மனுக்களும் தங்கள் பார்வைக்கு வரவில்லை என்றே நம்புகிறேன். அப்படி நம்பினால்தான் ஐந்தாவதை எழுதக் கை வருகிறது.

1. எங்கள் மையம் மாலை ஐந்தரை முதல் எட்டு வரை நடக்கிறது. பகலில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். தங்கள் ஆய்வாளர் பகல் பதினொரு மணிக்கு வந்து, பிள்ளைகள் யாரும் இல்லை என்று குறித்துக்கொண்டார். நேரத்தை எடுத்துச் சொன்னேன். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும் என்றார். அடுத்த முறையும் அதே பதினொரு மணி, அதே குறிப்பு.

2. மூன்றாம் முறை வருவதாகத் தகவல் வந்ததும் பெற்றோர் கூடிப் பேசி, பள்ளிக்கு லீவு சொல்லி, இருபத்தாறு பிள்ளைகளையும் பதினொரு மணிக்குப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. பள்ளி நேரத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பதாக ஆய்வாளர் எழுதினார். அதில் பொய் இல்லை என்பதுதான் என் சங்கடம். அத்துடன் உதவித்தொகை நின்றது.

3. எங்கள் நிதிநிலையைக் கேட்டிருந்தீர்கள். கணக்குச் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நான்கு மாதமாகச் சம்பளம் வாங்கவில்லை. சாக்பீஸும் அவர் செலவுதான். போன மாத வாடகையைப் பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாளர் கட்டினார். அவர் என் கணவர். இந்த மாதம் அவராலும் முடியாது. முப்பதாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் அறை மூட்டை அடுக்கப் போய்விடும் என்று மில்காரர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

4. தங்கள் நிறுத்த உத்தரவு மேசைமேல் கிடந்தது. பெயிண்டரின் மகள், ஒன்பது வயது, போன வருஷம் எழுத்துக்கூட்டவே திணறியவள், அதை எடுத்து, "மேற்படி மையம் செயல்படவில்லை எனத் தெரியவருகிறது" என்று ஒரே மூச்சில் வாசித்தாள். பழக்கதோஷத்தில் நாங்கள் கைதட்டிவிட்டோம். பிறகுதான் வாசித்தது என்னவென்று உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்கிறது. "அப்போ அடுத்த மாசம் நாங்க வரணுமா, வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தப் பதிலை, ஐயா, முப்பதாம் தேதிக்கு முன் ஒருநாள் மாலை ஆறு மணிக்குத் தாங்களே நேரில் வந்து அவளுக்குச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

இடம்: மேற்படி மாடி அறை
நாள்: பதினொன்றாம் தேதி, இரவு 8.20

இப்படிக்கு,
(ஒப்பம்)
செயலாளர்

இணைப்பு: ஆய்வறிக்கைகள் மூன்று, மாலை வருகைப் பதிவேட்டின் நகல்.